வார்ஃபரினா, புதுக் குளிசையா: திருகோணமலைச் சோற்றுத் தட்டை வைத்து ஒரு ஒப்பீடு

"கீரை சாப்பிடலாமா" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் போடுவது எந்தக் குளிசை? காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஊரில் ஒரே புத்திமதிதான் கிடைக்கிறது. கீரையைத் தொடாதே, உள்ளியைக் கூட்டு, மீனெண்ணெய் போடு. முதலாவது சிலருக்குத் தேவையே இல்லாதது, மற்றவர்களுக்கு அரைகுறை உண்மை. இரண்டாவது சட்டிக்குள் இருக்கும்வரை பரவாயில்லை. மூன்றாவதைப் பற்றிக் கீழே கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே அடுப்பு, இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்து. பெரியம்மா பழைய மருந்தான வார்ஃபரின் போடுகிறார், அண்ணா புதுக் குளிசைகளில் ஒன்றான ரிவரோக்ஸபான். அண்ணாவுக்கு மோட்டார்சைக்கிளில் விழுந்து கால் முறிந்து பிளாஸ்டரோடு கிடந்தபோது வந்த கட்டி. பெரியம்மாவுக்கு ஆன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று, இரத்தம் தானாகவே உறையப் பார்க்கும் ஒரு வருத்தம். நான் டொக்டர் இல்லை, சமைக்கிற ஆள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் சமைக்கிறவருக்கு இந்த இரண்டு மருந்தும் எப்படி வேறுபடுகின்றன என்று விளங்கியே ஆக வேண்டும். எந்த மருந்து என்பதை டொக்டர்தான் முடிவு செய்வார், சரி. அந்த முடிவுக்கு வேண்டிய பாதி விஷயம் நம்மிடம் இருக்கிறது: என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், என்ன விரதம் பிடிக்கிறோம், லண்டனில் இருந்து யார் எந்தப் போத்தலைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிளினிக்கில் சனம் நெரிகிற காலை வேளையில் இதையெல்லாம் அவராகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

வார்ஃபரின் பழைய ஆள். 1920களில் வட அமெரிக்காவில் ஸ்வீட் குளோவர் என்ற தீவனப்புல் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போக, அதைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வார்ஃபரின் 1948ல் எலிமருந்தாக வந்து, 1954ல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. "அது எலிமருந்து, போடாதீங்கோ அக்கா" என்று பெரியம்மாவைப் பயமுறுத்திய ஒன்றுவிட்ட மாமாவுக்கு வரலாறு சரியாகத்தான் தெரிந்திருக்கிறது, அளவு என்ற ஒன்று இருப்பதுதான் தெரியவில்லை.

அது செய்யும் வேலை இதுதான். இரத்தம் உறைய வேண்டிய சில புரதங்களை, இரண்டு ஏழு ஒன்பது பத்து என்று எண் போட்டு அழைப்பார்கள், ஈரல் வைட்டமின் கே இருந்தால்தான் செய்து முடிக்கும். உடம்பு அந்த வைட்டமினை ஒருமுறை பாவித்துவிட்டு மீட்டெடுத்து மறுபடியும் பாவிக்கும். அந்த மீட்டெடுப்பைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. ஆகவே சாப்பாட்டில் வைட்டமின் கே கூடினால் மருந்தின் பிடி தளரும், குறைந்தால் இறுகும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனை, எண் கூடினால் பிடி இறுகியிருக்கிறது, குறைந்தால் தளர்ந்திருக்கிறது, இரத்தக்கட்டிக்கு வழக்கமான இலக்கு 2க்கும் 3க்கும் இடையில்.

புதுக் குளிசைகள் வேறு சாதி. ரிவரோக்ஸபானும் அபிக்ஸபானும் அந்தப் பத்தாம் எண் புரதத்தையே நேரடியாகப் பிடித்து நிறுத்துகின்றன, இன்னொரு புதுக் குளிசையான டாபிகாட்ரான், உறைய வைக்கும் த்ரொம்பின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. வைட்டமின் கே இந்தக் கதைக்குள் வரவே இல்லை. அண்ணா முருங்கையிலை வறையை மலைபோலக் குவித்துச் சாப்பிட்டாலும் அவருடைய மருந்துக்கு ஒன்றும் ஆகாது. அவரைப் பார்த்து "கீரையைக் குறை" என்று சொல்கிறவர்கள் இன்னொருவருடைய மருந்துக்கான பத்தியத்தை அவருக்கு வைக்கிறார்கள்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டில் ஒரு விசேஷமான சிக்கல் இருக்கிறது, இதை ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் பொதுவான துண்டுப்பிரசுரங்களில் பார்க்க முடியாது. சோறு, மீன் குழம்பு, சொதி, பூசணிக்காய்க் கறி, ஒரு வெங்காயச் சம்பல் என்று சாப்பிடும் நாளில் வைட்டமின் கே ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மீனில் இல்லை, அரிசியில் இல்லை, தேங்காய்ப்பாலிலும் தேங்காயெண்ணெயிலும் பெயருக்குத்தான். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 90 மைக்ரோகிராம், ஆணுக்கு 120 என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு. அதே ஊரின் உணவுப் பட்டியலில் ஸ்பினாச் 100 கிராமில் 480 அளவும், கோவாவில் 76 அளவும், கரட்டில் 13 அளவும் இருக்கிறது. முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் என்று நாம் சாப்பிடும் கடும்பச்சை இலைகளைக் கோவாவோடு சேர்க்காமல் ஸ்பினாச்சோடு சேர்த்து நினைப்பதுதான் பாதுகாப்பு.

இப்போது கிழமையை யோசித்துப் பாருங்கள். திங்கள் மீன், புதன் மீன், வியாழன் இறால். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து பொன்னாங்காணிச் சுண்டல் ஒரு சட்டி, கூடவே வல்லாரைச் சம்பல், மத்தியானம் மிஞ்சியது இரவுக்கும். வார்ஃபரின் போடுகிறவருக்கு இது ஒரே கிழமைக்குள் பூச்சியத்தில் இருந்து உச்சிக்கு ஏறி மறுபடி இறங்குவது. அந்த ஏற்றம் அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஐ.என்.ஆரில் தலைகாட்டும். கிளினிக் திங்கட்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைச் சட்டிதான் ரிப்போர்ட்டில் இருக்கிறது. எண் குறைந்திருக்கிறது என்று டொக்டர் மருந்தைக் கூட்டுகிறார், அடுத்த கிழமை வீட்டில் கலியாணம், கீரையே இல்லை, எண் மேலே போகிறது, மருந்தைக் குறைக்கிறார். யாரிலும் பிழை இல்லை, ஆனால் மூக்கில் இரத்தம் வந்தபிறகுதான் எல்லோரும் யோசிப்பார்கள்.

வார்ஃபரினோடு இருப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. கீரையை முழுதாக நிறுத்துவது எல்லோரும் சொல்லும் வழி, பார்க்கச் சுலபமானதும்கூட. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் வெறும் நாக்கு ருசி இல்லை. வைட்டமின் கே மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களின் ஐ.என்.ஆர்.தான் அதிகம் ஆடுகிறது என்று இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2005ல் காட்டினார்கள். கையிருப்பு அடியில் கிடக்கும்போது தற்செயலாகச் சாப்பிட்ட ஒரு கிண்ணம் கீரைகூடப் பெரிய அதிர்ச்சியாகிவிடுகிறது. அதே குழு 2007ல், காரணம் தெரியாமல் எண் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தது, பலருக்கு ஆட்டம் குறைந்தது. அப்படியானால் வைட்டமின் கே குளிசையே வாங்கிப் போடுவோமே என்றால், அது இரண்டாவது வழி. 2012ல் வந்த அமெரிக்க நெஞ்சு மருத்துவர்களின் வழிகாட்டி, அதை எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கத் தேவையில்லை என்கிறது, ஆகவே அதை நாமாகத் தொடங்கும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது, கீரையைச் சாப்பிடுவது, ஆனால் ஒரே அளவில் சாப்பிடுவது. நான் இதன் பக்கம். பெரியம்மாவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் ஏதாவது இலை, மீன் நாளோ மரக்கறி நாளோ, தினமும் உண்டு. வெள்ளிக்கிழமைக்கென்று தனிச் சட்டி இல்லை. காலையில் இலைக்கஞ்சி குடித்துப் பழகியவர்கள் தாராளமாகக் குடிக்கலாம், தினமும் குடிப்பதாக இருந்தால். கிழமைக்கு ஒருநாள் ஞாபகம் வந்து இரண்டு கோப்பை குடிப்பதுதான் தொல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கிளினிக் வருகிறது என்று மூன்று நாள் முன்பே பத்தியம் இருப்பது. டொக்டருக்கு நல்ல எண் காட்டுவதற்காகச் சோதனை எழுதப் போகிற பிள்ளைபோலத் தயாராகிறவர்கள் உண்டு. அந்த எண் உங்களுடைய சாதாரண நாளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொய்யான மூன்று நாளுக்கு அளவான மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

சத்தமில்லாமல் மாறும் இரண்டு சாமான்களையும் கவனியுங்கள். எண்ணெய்: இருதயத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லித் தேங்காயெண்ணெயில் இருந்து சோயா எண்ணெய்க்கு மாறினால், 100 கிராமுக்கு ஒன்றுக்கும் குறைவான மைக்ரோகிராமில் இருந்து 180 அளவுக்குப் போகிறீர்கள். மாறலாம், மாறியதைக் கிளினிக்கில் சொன்னால் போதும். மற்றது, மெலிந்துபோன பெரியவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கும் போஷாக்குப் பால்மா. பலவற்றில் வைட்டமின் கே சேர்த்திருக்கிறது, லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பல்வைட்டமின் குளிசைகளும் அப்படியே.

இனிப் புதுக் குளிசை. சாப்பாட்டுப் பக்கம் மட்டும் பார்த்தால் இது வென்றுவிட்டது, பேச்சில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் பாதையில் இருக்கிறது. வார்ஃபரின் தொடங்கிய காலத்தில் அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், எண் நிலைத்த பிறகும் விடாமல் பார்க்க வேண்டும். உப்புவெளியில் இருப்பவருக்கு அது ஒரு காலை நேரம். குச்சவெளியிலோ சம்பூரிலோ வெருகலிலோ இருப்பவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், மார்கழி மழையில் அதுவும் நிச்சயமில்லை. புதுக் குளிசைக்கு அந்த அலைச்சல் கிடையாது. சிறுநீரகம், ஈரல், இரத்த அளவு ஆகியவற்றை இடைக்கிடை பார்த்தால் போதும். இரத்தக்கசிவும் குறைவு: 2013ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், காலிலும் நுரையீரலிலும் கட்டி வந்தவர்களில் அபிக்ஸபான் போட்டவர்களுக்குப் பாரதூரமான இரத்தக்கசிவு 0.6 வீதம், பழைய முறையில் ஊசியும் வார்ஃபரினும் எடுத்தவர்களுக்கு 1.8 வீதம்.

ஆனால் காசு. வார்ஃபரின் மலிவு, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கும். புதுக் குளிசையைப் பலர் பார்மசியில் கைக்காசுக்குத்தான் வாங்குகிறார்கள். 2022ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்த நாட்டில் எது எப்போது கிடைக்காமல் போகும் என்று சொல்ல முடியாத நிலையைப் பார்த்தவர்கள் நாம். வார்ஃபரினை நிறுத்தினால் அதன் வேலை சில நாள் மெல்ல மெல்லத்தான் இறங்கும். புதுக் குளிசையின் வேலை ஒரு நாளுக்குள் போய்விடும். மாதக் கடைசியில் காசு முடிந்து நாலு நாள் வாங்காமல் விட்டால் அந்த நாலு நாளும் மருந்தே இல்லாத நாள்தான், அதுவும் கட்டி வந்து முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் விளையாட்டில்லை. ஆகவே என் கணக்கு இது: மாதாமாதம் முறியாமல் வாங்க முடியும், குளிசையை மறக்காத ஆள், தூரத்தில் இருக்கிறார், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றால் புதுக் குளிசையைப் பற்றி டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். இவற்றில் ஒன்று இடறினாலும், ஒழுங்காகப் பார்க்கப்படும் வார்ஃபரின் ஒன்றும் தாழ்ந்ததில்லை. அண்ணாவுக்கு மூன்று மாதம் என்று தவணை சொல்லித் தொடங்கியதால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. காலாகாலத்துக்கும் என்றால் எங்கள் வீட்டிலும் வேறு பேச்சு நடந்திருக்கும்.

தெரிவே இல்லாதவர்களும் உண்டு. இருதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டியும் கசிவும் கூடியது, 2013ல் அது வெளிவந்தது, அவர்களுக்கு வார்ஃபரின்தான். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி இருதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும் வார்ஃபரினே மேல் என்று 2022ல் வந்த ஆய்வு சொன்னது. பெரியம்மாவின் வருத்தமும் இந்தப் பட்டியலில்தான், அதனால் "அண்ணாவின்ட குளிசையை எனக்கும் மாத்தித் தரச் சொல்லு தம்பி" என்று அவர் எத்தனை தரம் கேட்டாலும் விடை மாறாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, நமது மாவட்டத்தின் மேற்கு எல்லைப் பக்கம் அப்படிப் பலர் இருக்கிறார்கள், டாபிகாட்ரான் சரிவராது, ஏனென்றால் அதில் 80 வீதமளவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. மற்ற இரண்டு புதுக் குளிசைகளையும் சிறுநீரகச் சோதனையின் எண்ணைப் பார்த்துத்தான் டொக்டர் தீர்மானிப்பார். கர்ப்பிணிகளுக்கு வார்ஃபரினும் வேண்டாம், புதுக் குளிசையும் வேண்டாம் என்று வயிற்றில் போடும் ஊசிதான் பெரும்பாலும்.

விரதம். இதை யாரும் கிளினிக்கில் சொல்வதில்லை, டொக்டர் ஏசுவார் என்ற பயம். சொல்லத்தான் வேண்டும். ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் குளிசைகளை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடுகிறது, அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். பாலும் பழமும் கணக்கில் வராது, வயிறு நிறைந்த சாப்பாடு. கந்தசஷ்டிக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர் அந்த ஒருவேளையோடு போடலாம். ஆறு நாளும் இளநீரோடு இருக்கிறவர் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இதே கேள்விதான்: ஒரு நாளைக்கு ஒருமுறை என்ற நிலைக்கு வந்தவர் நோன்பு திறந்து சாப்பிடும்போது போட்டால் சரி, ஆனால் முதல் மூன்று கிழமை அது இருவேளை மருந்து, இரண்டும் சாப்பாட்டோடு, அந்தக் காலத்தில் கட்டியும் பச்சையாக இருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் உடம்பு காய்வதும் நல்லதில்லை. அபிக்ஸபானுக்குச் சாப்பாடு தேவையில்லை, ஆனால் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருவேளை, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஓரளவு பொருந்திவிடும். வார்ஃபரின் போடுகிறவருக்கு நேரம் பிரச்சினை இல்லை, சாப்பாடு குறைவதுதான் பிரச்சினை. ஒழுங்காகச் சாப்பிடாத நாட்களில் எண் மேலே ஏறும். வயிற்றோட்டம் வந்தாலும் அப்படியே.

இனிப் போத்தல்கள். கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சொக்லேட்டுக்கு அடுத்தபடி இருப்பது இவைதான்: மீனெண்ணெய், முழங்காலுக்குக் குளுக்கோசமின், மஞ்சள் கப்சூல், உள்ளி கப்சூல், வைட்டமின் ஈ, ஞாபகசக்திக்கு ஜின்கோ. அன்போடு வருவதால் வேண்டாம் என்று சொல்லவும் சங்கடம். ஒவ்வொன்றுக்கும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது எனக்கு என்ன தருகிறது, அதற்கு ஈடாக எதை எடுக்கிறது?

மீனெண்ணெயை எடுங்கள். சாதாரண அளவில் அது பெரிய இரத்தக்கசிவை உண்டாக்குவதாக இல்லை, பெரிய அளவில் போட்டால் கவனம் வேண்டும். ஆனால் கட்டி வந்தவருக்கு அது செய்யும் உபகாரம் என்ன? மருந்துக்குப் பதிலாகவும் ஆகாது, மருந்துக்கு மேலே ஒன்றையும் கூட்டித் தராது. சூடையும் கீரியும் துடிக்கத் துடிக்கக் கரைக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு, எங்கேயோ குளிர்நாட்டில் போத்தலில் அடைத்த மீனின் எண்ணெயைப் பத்திரமாக அலுமாரியில் வைத்துப் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சூடை மீனை வாங்குங்கள், தீயல் வையுங்கள், இரண்டு மருந்துக்கும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

குளுக்கோசமின் வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆரை ஏற்றியதாக வந்த முறைப்பாடுகளால் பிரிட்டிஷ் மருந்து ஒழுங்குமுறையாளர்களே சேர்க்க வேண்டாம் என்கிறார்கள். மஞ்சள் கதை இன்னும் தெளிவு. கறிக்குப் போடும் மஞ்சளை யாரும் அஞ்ச வேண்டாம், அது எத்தனை தலைமுறையாகச் சட்டியில் இருக்கிறது. ஆனால் கப்சூலில் வருவது மஞ்சளின் சாரம். வார்ஃபரின் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிச் சில கிழமையில் ஐ.என்.ஆர். 10க்கு மேல் போன சம்பவத்தை வைத்து நியூசிலாந்தின் மருந்து அதிகாரசபை 2018ல் எச்சரித்தது. 10 என்பது எங்கேயாவது முட்டினாலே உள்ளே கசியக்கூடிய எண். உள்ளியும் இஞ்சியும் இதே மாதிரி: ரசத்தில், மல்லித்தண்ணியில், குழம்பில் தாராளம், செறிவாக்கிக் கப்சூலில் வேண்டாம். ஜின்கோ, அதிக அளவு வைட்டமின் ஈ இரண்டும் கசிவைக் கூட்டக்கூடியவை. ஜின்செங் எதிர்ப்பக்கம், வார்ஃபரினின் வேலையைக் குறைக்கிறது. எலும்புக்கு என்று கல்சியத்தோடு சேர்த்து வரும் வைட்டமின் கே2 மிகக் கொஞ்ச அளவிலேயே வார்ஃபரினைக் குழப்பிவிடும்.

"நான் புதுக் குளிசை, எனக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லைத்தானே" என்று அண்ணா ஒருநாள் சிரித்தார். பாதிதான் சரி. கீரையில் சுதந்திரம், போத்தலில் இல்லை. இரத்தத்தை மெலிதாக்கும் எதுவும் எந்த மருந்தோடும் சேர்ந்து கசிவைக் கூட்டும். அதோடு மனச்சோர்வுக்கு மூலிகை என்று மேல்நாட்டில் கடையில் விற்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட், புதுக் குளிசையை உடம்பில் இருந்து வேகமாக வெளியேற்றிவிடும், இங்கே ஐ.என்.ஆர். போல ஒரு சோதனை இல்லாததால் மருந்து வேலை செய்யவில்லை என்பது கட்டி திரும்பி வந்தபிறகுதான் தெரியவரும். வார்ஃபரினுக்கு இருக்கும் ஒரு நன்மை இதுதான், குழப்பம் நடந்தால் அடுத்த சோதனையில் மாட்டிக்கொள்ளும். நாட்டோகைனேஸ் என்று கட்டியைக் கரைக்கும் என விளம்பரம் செய்யும் குளிசையைக் கேட்டு ஒருவர் வந்தார். டொக்டர் தந்ததை விட்டுவிட்டு இதைப் போடலாமா என்பதே அவர் கேள்வி. இல்லை. அதை ஒரு தெரிவாக இந்த ஒப்பீட்டில் சேர்க்கக்கூட மாட்டேன்.

சித்த மருத்துவத்தைப் பற்றிக் கேட்காமல் திருகோணமலையில் இந்தப் பேச்சு முடியாது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், முறையாகப் படித்த வைத்தியர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போவதானால் போங்கள், ஆனால் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் சில மருந்துகளை உடம்பு வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கும். திரிகடுகு சேரும் சூரணத்தை மாதக்கணக்கில் எடுக்கிறவர் அதை இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. வீங்கிய காலுக்கு எண்ணெய் பூசி உருவுவது மட்டும் கட்டாயம் வேண்டாம், இது சாப்பாட்டு விஷயம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், உள்ளே இருக்கும் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது.

உண்மையில் போத்தல்களைவிட அதிகம் ஆளைக் கவிழ்ப்பது பார்மசியில் சும்மா கேட்டு வாங்கும் சாமான்தான். முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக், காய்ச்சலுக்கு இபுபுரோபன், தலையிடிக்கு அஸ்பிரின்: வயிற்றில் புண் ஏற்படுத்தி, மருந்தும் சேர்ந்து, உள்ளே இரத்தம் போகும், இரண்டு குளிசைக்கும் இது பொது. பனடோல்தான் பாதுகாப்பு, ஆனால் வார்ஃபரினோடு நாளுக்கு நாலு குளிசைப்படி பல நாள் தொடர்ந்தால் அதுவும் எண்ணை ஏற்றும். மெட்ரோனிடசோல், கோட்ரிமொக்ஸசோல், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் புளுகொனசோல் மூன்றும் வார்ஃபரினைச் சட்டென்று இறுக்கிவிடும், தொடங்கினால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் வலிப்புக்கான பெனிடோயினும் கார்பமசபைனும் புதுக் குளிசைகளின் வேலையைக் குலைத்துவிடும்.

சாராயமும் கள்ளும்: ஒருநாள் கூத்தாக நிறையக் குடித்தால் வார்ஃபரின் எகிறும், எந்த மருந்தானாலும் விழுந்து தலை அடிபட்டால் கதை முடியும். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கடைசியாக டெங்கு. 2017ல் கிண்ணியாவும் திருகோணமலையும் பட்ட பாடு மறக்கக்கூடியதில்லை, மழை விட்ட ஒவ்வொரு வருடமும் அந்தப் பயம் வருகிறது. டெங்குவில் இரத்தவட்டுகள் குறையும், மெல்லிய இரத்தக்குழாய்கள் கசியும். இரத்தம் உறையாமல் மருந்து போடுகிறவருக்கு அது இரட்டிப்பு ஆபத்து, வார்ஃபரினா புதுக் குளிசையா என்ற வித்தியாசம் இங்கே இல்லை. காய்ச்சல் கண்டால் வீட்டில் இருந்து பப்பாசி இலையை இடித்துச் சாறு எடுக்கத் தொடங்காமல் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், "இரத்தக்கட்டிக்கு மருந்து போடுகிறேன்" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். மருந்தை நிறுத்துவதா, குறைப்பதா, ஊசிக்கு மாற்றுவதா என்பதை இரத்தவட்டு எண்ணிக்கையைப் பார்த்து அவர்கள் தீர்மானிப்பார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் கடைசி ஐ.என்.ஆரும் எழுதிய துண்டொன்றைப் பேர்சில் வைத்திருங்கள், கூட வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.